உள்ளே நாலு பேரு, வெளியே யாரு?

தகரத்துக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். அவளிடம் பயப்பட வேண்டியதே அதற்குத்தான். கத்துகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவள் கோபத்தை நாலாக மடித்து, ஓரம் பிசகாமல் அடுக்கி வைத்துவிடுவாள். இரண்டு வருஷம் கழித்து எடுத்தாலும் மடிப்புக் கலைந்திருக்காது. பதினேழு வயதிலிருந்து சலவை ஆலையில் படுக்கை விரிப்பு மடித்த கை அது.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பள்ளியில் பாட்டு வாத்தியார், "தகரத்தை ஆணியால கீறுற மாதிரி இருக்கு, நீ பின்வரிசையில நின்னு வாயை மட்டும் அசை" என்றார். வகுப்பே சிரித்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. மற்ற பெண்ணாக இருந்தால் அன்றோடு பாட்டைத் தலைமுழுகியிருப்பாள். தகரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பேரு வைக்கத் தெரிஞ்ச ஆளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கத் தெரியலம்மா" என்றாள். அவள் அம்மாவும் அதே ஆலையில் வேலை பார்த்தவள். "பாட்டு வேணும்னா ஆலைக்கு வா, அங்க வேணுங்கிற மட்டும் கிடக்கு" என்றாள்.

அம்மா சொன்னது பொய் இல்லை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாக விரிப்புகள் வரும். துவைத்து, உலர்த்தி, தேய்த்து முடித்தால் மடிப்புக்கூடம். ஒரு விரிப்புக்கு இரண்டு பெண்கள், ஆளுக்கு இரண்டு முனை. ஒருத்தி இழுக்கும்போது ஒரு கேள்வியைப் பாடுவாள். இருவரும் சேர்ந்து விரிப்பை 'பட்' என்று உதறுவார்கள். எதிரில் இருப்பவள் பதிலைப் பாடுவாள், ஒரே சுரத்தில், மூச்சு இருக்கிற மட்டும் நீட்டி. அதற்குள் இருவரும் நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்திருப்பார்கள். அந்தக் கேள்விகளை இங்கே எழுத முடியாது. மேஸ்திரியின் நடையைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. அதைக் கேட்டு ஓட்டுநர் ஒருவர் வண்டியைச் சுவரில் மோதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகரத்துக்கு எதிர்முனை பிடித்தவள் அவளுடைய தங்கை. சின்னவள், சிரிப்புக்காரி. எத்தனை தடவை திட்டினாலும் உதறலுக்கு முன்பே பதிலைப் பாடிவிடுவாள். "ஏண்டி முந்துற? துணி உதறட்டும்" என்பாள் தகரம். "பதில் தெரிஞ்சப்புறம் எதுக்குக்கா காத்திருக்கணும்?" என்பாள் சின்னவள்.

ஒருநாள் ஆலை வண்டியைப் பழுது பார்க்க இவர்களுடைய அத்தை மகன் வந்தான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், ஸ்பேனர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். எங்கோ கிடைத்த ஒரு கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு கிடார் பழகியிருந்தான். மூன்றே மூன்று சுரக்கூட்டுதான் வரும். அந்த மூன்றையும் அவன் அடிக்கிற அடியில் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி ஆடும். வண்டிக்கு அடியில் படுத்திருந்தவன் மடிப்புப் பாட்டைக் கேட்டுவிட்டு, முகமெல்லாம் கிரீஸோடு உள்ளே வந்தான்.

"ஏய் தகரம், என் கேசட்ல இருக்கிறதும் இதேதான். ஒரு கேள்வி, ஒரு அடி, ஒரு கத்தல். அவனுங்க மைக்ல பண்றானுங்க, நீங்க துணில பண்றீங்க."

அப்படித்தான் 'கிழிசல்' பிறந்தது. கிழிந்த விரிப்புகளை ஆலையில் ஓரமாகத் தள்ளி வைக்கிற குவியலுக்குப் பெயர் அது. ஸ்பேனர் கிடார். கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒரு அண்ணன் அக்கார்டியன். கல்யாண வீடுகளில் வாசித்து வாசித்து எந்தப் பாட்டையும் ஆட்டமாக்கிவிடுவார். தகரம் ஒரு பழைய துவைதொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடித்துக்கொண்டே பாடினாள். அவர் கடைக்கு வார விடுமுறை அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒத்திகை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும் ஒரே ரசிகை சின்னவள்.

அவர்களை ஊருக்கு அறிமுகப்படுத்தியது வானொலிதான், அதை மறைக்க வேண்டாம். சனிக்கிழமை பகலில் 'திறந்த மேடை' என்று ஒரு நேரலை நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் போய்ப் பாடலாம். ஆனால் பாட்டை மூன்று படி தட்டச்சு செய்து முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதில் ஆகாத வார்த்தைகளுக்கு அடியில் சிவப்பு பென்சிலால் கோடு இழுப்பார் ஒலிபரப்பு அதிகாரி. வார்த்தையை மாற்றச் சொல்ல மாட்டார்கள். மாற்றச் சொன்னால் தணிக்கை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்களாம். கோடு போட்ட வார்த்தை வரும்போது மைக்கை அடைத்து ஒரு 'பீப்' சத்தம் போட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் தொழில்நுட்பம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கும் ஒரு பெயர் வேண்டும் அல்லவா.

அந்த அதிகாரியைப் பாட்டுக்காரர்கள் 'பொத்தான்' என்றே அழைத்தார்கள். பீப் பெட்டியின் பொத்தானில் கட்டைவிரல் வைத்தே அவருக்கு இருபது வருஷம் ஓடியிருந்தது. காதால் கேட்டு அமுக்கினால் பாதி வார்த்தை வெளியே போய்விடும் என்பது அவர் கணக்கு. அதனால் ஒத்திகையில் ஒரு தடவை கேட்டு, எந்த வினாடியில் எந்த வார்த்தை என்று தாளில் குறித்துக்கொள்வார். நேரலையில் காதில் மாட்டிய ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு நிறுத்துகடிகாரத்தை மட்டும் பார்ப்பார். பாட்டென்றாலே தலைவலி அவருக்கு. குரல் மட்டும் தேன். அதனால் செய்தி வாசிப்பதும் அவர்தான். அவருடைய கூடப்பிறந்த அண்ணன் நம் சலவை ஆலையின் முதலாளி.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை, தேய்ப்புக்கூடத்தில் உலர்த்தி இயந்திரத்தில் சேர்ந்திருந்த பஞ்சுத்தூசு பற்றிக்கொண்டது. உள்ளே நாலு பெண்கள். அன்று ஆள் குறைவென்று சின்னவளை அங்கே மாற்றிவிட்டிருந்தார்கள். கூடத்துக்கு ஒரே கதவு. அதில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. காலையில் விரிப்பு எண்ணிக்கை குறைகிறது என்று முதலாளியே வந்து பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார். பூட்டியதைத் தகரம் மடிப்புக்கூடத்திலிருந்து பார்த்தாள். பிறகு அந்தக் கதவை அவள்தான் இரும்புக் கம்பியால் அடித்தாள். திறந்தபோது அடிக்க வேண்டிய அவசியம் போயிருந்தது.

மறுநாள் ஒரு மணிச் செய்தியில் அந்தத் தேன் குரல் வாசித்தது: பணி நேரத்தில் ஓய்வெடுப்பதற்காக ஊழியர் ஒருவர் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டதே அவரும் கூட இருந்த மூன்று பேரும் சாகக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்துள்ளது. அந்த ஊழியரின் பெயர் என்று சின்னவளின் முழுப்பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாக வாசித்தது. மூன்று மணிக்கு ஒருமுறை, ஆறு மணிக்கு ஒருமுறை. அதற்கு மறுநாளும் அப்படியே. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதென்றால் இதுதான். தகரம் சாட்சி சொல்லப் போனாள். உறவுக்காரர் சாட்சி செல்லாது என்றார்கள். கதவும் பூட்டும் பழைய இரும்போடு போய்விட்டன.

பிறகு மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் இவர்கள் தெருவில் நடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வானொலி சொன்னால் வேதவாக்கு. அம்மா வானொலிப் பெட்டியைத் துணி போட்டு மூடி, பரணில் ஏற்றிவிட்டாள்.

"அந்த வாயாலயே மாத்திச் சொல்ல வைக்கிறேன்மா" என்றாள் தகரம்.

"எவன் வாயாலடி?"

"செய்தி படிச்சவன் வாயால."

கிழிசல் அந்தக் கதவைப் பற்றி ஒரு பாட்டு எழுதிப் பாடியது. அதில் எழுபது வார்த்தை, ஐம்பத்தைந்துக்குப் பீப். அதோடு பொத்தான் ஒரு பட்டியலும் போட்டார்: கதவு, பூட்டு, சாவி, தாழ்ப்பாள். இந்த நாலும் இனி எந்தப் பாட்டிலும் ஒலிக்கக்கூடாது. காதல் பாட்டில் ஒரு பையன் 'மனக்கதவு' என்று உருகினான். 'மன' மட்டும்தான் வெளியே வந்தது. ஊர் சிரித்தது. தகரம் சிரிக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எவ்வளவு தூரம் குறுகுறுக்கிறது என்று அளந்து பார்த்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் அவள் காதல் பாட்டும் பேருந்துப் பாட்டும் பாடினாள். திருந்திவிட்டாள் என்று பொத்தானே ஒருமுறை பாராட்டினார். பிறகு ஒரு விடுமுறை நாளில் முடிதிருத்தும் கடைக்கு வந்து, ஷட்டரை முழுக்க இறக்கச் சொன்னாள்.

"அண்ணே, அந்தப் பீப் சத்தம் என்ன சுருதி?"

அண்ணன் பதிவு செய்து வைத்திருந்த கேசட்டைப் போட்டு, அக்கார்டியனில் ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. "நம்ம பாட்டுக்கு அரைக்கட்டை கீழ இருக்கு" என்றார்.

"அப்ப நாம கீழ இறங்குவோம். மடிப்புப் பாட்டுல பதில் வர்ற சுரம் அதுவா இருக்கணும்."

ஸ்பேனருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தாளை நீட்டினாள். பாட்டு நாலு அடி. அடிக்கு ஒரு பெண். பெயர் இல்லை, வேலையும் பழக்கமும் மட்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே கேள்வி: 'உள்ள நாலு பேரு, வெளிய யாரு?' பதிலாக நாலு இடத்திலும் முதலாளியின் பெயர், முழுசாக.

"இதைப் பாடவே விடமாட்டாருடி" என்றான் ஸ்பேனர்.

"வேண்டாம்னு சொன்னா கோப்புல காரணம் எழுதணும். காரணம் எழுதினா அவங்க அண்ணன் பேரை எழுதணும். அதுக்குக் கோடு போட்டு மறைக்கிறதுதான் சுலபம். கேள்வியில பட்டியல்ல இருக்கிற வார்த்தை ஒண்ணுகூட இல்ல, பாரு."

"சரி, பேரு மேல பீப் அடிச்சிருவாரு. நமக்கு என்ன லாபம்?"

"ஒத்திகையில பேரைப் பாடுவேன். அன்னைக்குப் பாடமாட்டேன்."

முதலில் சிரித்தவர் அக்கார்டியன் அண்ணன். "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு அவரையே சொல்ல வைக்கப் போற" என்றார்.

"சும்மா இருக்கிற இடத்துல எப்படிடி அமுக்குவாரு?" என்றான் ஸ்பேனர், இன்னும் நம்பாமல்.

"அவருக்குக் காது கிடையாது. கடிகாரம்தான்."

கடிகாரத்தை ஏமாற்ற முடியாது, அதோடு ஒத்துப்போகத்தான் வேண்டும். இரண்டு மாதம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தார்கள். முதல் கேள்வி நாற்பத்தோராவது வினாடியில் முடிய வேண்டும். ஒரு வினாடி முன்னால் போனாலும் தகரம் தொட்டியைத் தட்டி நிறுத்திவிடுவாள். பழிவாங்குவது என்றால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று நினைக்கிறவர்கள் அந்தக் கடைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். ஒரே பாட்டை நூற்றைம்பது தடவை வாசித்து விரல் தேய்ந்த ஸ்பேனர், "இதுக்கு அந்தாளை நேர்ல நாலு சாத்து சாத்தியிருக்கலாம்" என்று புலம்பினான். அத்தை மகனாயிற்றே, கடைசிவரை நின்றான்.

விரிப்பின் மறுமுனை பிடிக்க ஆள் வேண்டும். அம்மா தானாகவே முன்வந்தாள். "நான் ஒண்ணும் பாடமாட்டேன். உதறுறேன்" என்றாள்.

ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தகரம் நாலு தடவையும் பெயரைப் பாடினாள். கண்ணாடிக்குப் பின்னால் பொத்தானின் காது மடல் சிவந்தது. ஆனாலும் வினாடிகளைக் குறித்துக்கொண்டு, கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார். போகும்போது, "எவ்வளவு கத்தினாலும் ஒரு எழுத்து வெளிய போகாதும்மா. எதுக்கு இந்த வீண் வேலை?" என்றார்.

"பழகிப்போச்சு சார்" என்றாள் தகரம்.

சனிக்கிழமை பகல் சிவப்பு விளக்கு எரிந்தது. தகரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொத்தான் காதில் மாட்டியதைக் கழுத்துக்கு இறக்கினார். அவளுக்கு அந்த நிமிஷமே வயிறு குளிர்ந்துவிட்டது. கிடார், அக்கார்டியன், தொட்டி. முதல் பெண்ணின் கதை. 'உள்ள நாலு பேரு, வெளிய யாரு?' தாயும் மகளும் விரிப்பை உதறினார்கள்: பட். எல்லா வாத்தியமும் நின்றது. தகரம் வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். அந்தக் கட்டைவிரல் இறங்கியது.

ஊர் முழுக்கக் கேட்டது இதுதான்: கேள்வி, உதறல், பீப். பாட்டின் சுருதியிலேயே, பாட்டின் பதிலாகவே.

நாலாவது அடி சின்னவளுடையது. 'பதிலை முந்திச் சொல்றவ' என்ற இடத்தில் தகரத்தின் கண் சின்னவள் பிடிக்கிற முனைக்குப் போனது. ஒரு வினாடி தாமதித்துவிட்டாள். கடிகாரம் தாமதிக்கவில்லை. கடையில் பதிவு செய்த கேசட்டைப் பிறகு கேட்டபோது, அந்த நாலாவது பீப் மட்டும் உதறலுக்கு முன்பே வந்திருந்தது. அம்மா அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொன்னாள். "சின்னவ மாதிரியே முந்துது" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒரு வாரத்துக்குள் அந்தப் பாட்டு தெருத்தெருவாக இறங்கிவிட்டது. பேருந்து ஓட்டுநர்கள் ஆலை வாசலைத் தாண்டும்போது ஹாரனை அதே சுருதியில் நீட்டி அடித்தார்கள். ஸ்பேனரின் பணிமனைக்காரர்கள் ஆயிற்றே. முதலாளி வண்டியிலிருந்து இறங்கினால் யாராவது ஒருவர், "வெளிய யாரு?" என்பார். கூட்டத்தில் இன்னொருவர் பீப் என்று விசிலடிப்பார். எந்தக் கூட்டத்தில் எவன் என்று பிடிப்பது? டீ குடிக்கிற இடத்தில் எல்லாம் ஒரே பேச்சு: உள்ளே தாழிட்டுக்கொண்டார்கள் என்றால் வெளியே யாரும் இல்லை. யாருமே இல்லாத இடத்தில் எந்தப் பெயரை மறைத்தார்கள்?

முதலாளி தம்பியைக் காய்ச்சி எடுத்தார். தம்பி, 'நேரலையில் அவதூறு செய்தார்' என்று தகரத்தின் மேல் எழுத்தில் புகார் கொடுத்தார். கிழிசலுக்கு ஆயுள் தடை வேண்டும், தகரத்தின் மேல் வழக்கும் வேண்டும் என்று கேட்டிருந்தார். தானாக வந்து வலையில் விழுந்த மீன் அதுதான். அப்படிப் புகார் வந்தால் நிலைய இயக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் உட்கார்ந்து, பீப் சேர்வதற்கு முன்னால் ஸ்டுடியோவிலேயே ஓடிய மூல நாடாவைப் போட்டுக் கேட்க வேண்டும். பேசுவதையெல்லாம் தட்டச்சர் ஒரு சொல் விடாமல் எடுக்க வேண்டும். இருபது வருஷத்தில் யாரும் புகார் கொடுத்ததில்லை. ஆகவே பொத்தானுக்கு அந்த நாடா இருப்பதே நினைவில்லை.

இயக்குநர் அம்மையார் நாடாவை ஓடவிட்டார். கேள்வி. பட். அமைதி. அடுத்த அடி. கேள்வி. பட். அமைதி. நாலு முறையும் அப்படியே.

"இதுல அவதூறு எங்க இருக்கு?" என்றார் இயக்குநர்.

பொத்தானின் முகத்தில் ரத்தமே இல்லை. "நாடாவுல ஏதோ பழுது. இவ பேரைச் சொன்னா."

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. துணியைத்தான் உதறினேன்" என்றாள் தகரம்.

"ஒண்ணுமே சொல்லாத இடத்துல நாலு தடவை பொத்தானை அமுக்கியிருக்கீங்க. எந்தப் பேரை மறைச்சீங்க? குறிப்புல எழுதணும்."

"ஒத்திகையில சொன்ன பேருங்க."

"என்ன பேரு?"

தட்டச்சர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பொத்தான் தகரத்தைப் பார்த்தார். அவள் இரண்டு வருஷமாக மடித்து வைத்திருந்ததை முதல்முறையாகப் பிரித்து, முகத்தில் காட்டினாள். சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்தது.

"எங்க அண்ணன் பேரு" என்றார். பிறகு நிறுத்த முடியவில்லை. "என்ன சிரிப்பு உனக்கு? துணி திருட்டுப் போகுதுன்னுதான் பூட்டினாரு. கொல்லணும்னா பூட்டினாரு? அரைமணி நேரத்துல வந்து திறக்கத்தானே இருந்தாரு?"

தட்டச்சு இயந்திரம் கடைசி வார்த்தைவரை அடித்துவிட்டு நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்ததெல்லாம் அன்றைக்குத்தான் அந்த அறையில் எல்லாருக்கும் விளங்கியது.

"சார், கையெழுத்து" என்று தட்டச்சர் தாளை நீட்டினார்.

அந்தத் தாளை வைத்து விசாரணையை மறுபடி திறந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை போலீஸ் ஜீப் ஆலை வாசலில் நின்றது. முதலாளியைக் கூட்டிக்கொண்டு போனபோது மடிப்புக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் வெளியே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கையிலிருந்த விரிப்புகளை ஒரே நேரத்தில் உதறினார்கள். தகரத்துக்கு அது இனித்தது. இனிக்கவில்லை என்று சொல்கிற உத்தமி இல்லை அவள்.

என்ன பரிகாரம் வேண்டும் என்று இயக்குநர் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "ஒரு மணிச் செய்தி. அதே குரல்."

அன்று அம்மா தானே பரணில் ஏறி வானொலியை இறக்கினாள். துணியை எடுத்து, நாலாக மடித்து ஓரமாக வைத்தாள். மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் வந்து வாசற்படியில் நின்றார்கள். உள்ளே வரலாமா என்று தெரியவில்லை அவர்களுக்கு. அம்மா கையைக் காட்டினாள். வந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி. அந்தக் குரல் வந்தது. தேன் கொஞ்சம் நீர்த்திருந்தது. கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது. பூட்டியவர் ஆலை உரிமையாளர். இறந்த நால்வர் மீதும் எந்தத் தவறும் இல்லை. பிறகு சின்னவளின் முழுப்பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து வாசித்து, அவரைப் பற்றி முன்பு இந்த நிலையம் சொன்னது பொய் என்றது. பொய் என்ற இடத்தில் குரல் இடறியது. பீப் எதுவும் வரவில்லை.

பக்கத்தில் இருந்தவள் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அம்மா அழவில்லை. வானொலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அன்னைக்கு எத்தனை தடவை படிச்சான்?"

"மூணு தடவைம்மா. ஒரு மணி, மூணு மணி, ஆறு மணி."

"மறுநாளும் படிச்சான்ல?"

"படிச்சான்."

அம்மா ஆறு விரலை நீட்டி, அதில் ஒன்றை மடக்கினாள். மற்ற ஐந்து விரல்களையும் நீட்டியபடியே வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

தகரம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வானொலி நிலையத்துக்குப் புறப்பட்டாள். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.